ஏழு சேனல் மழை

ராமநாதபுரம் சீமையில், கருவேல முள்ளும் அதைப் புகையவிட்டுக் கரியாக்குகிற கரிமூட்டமும் மட்டும் குறைவில்லாமல் இருக்கிற எங்கள் ஊரில், கிட்டங்கித் தெரு என்று ஒரு தெரு உண்டு. ஒரு காலத்தில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கிகளில் இப்போது பழைய ஆம்ப்ளிஃபையர்களை அடுக்கிவைத்து உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் திரும்புகிறவன் ஆசை ஆசையாய்த் தூக்கிவந்த ஹோம் தியேட்டர் செட்டை, தங்கச்சிக்குக் கல்யாணம் வரும்போதோ வீட்டுக்குக் கூரை போடும்போதோ எங்களிடம் கொண்டுவந்து விற்பான். அடுத்த வாரமே துபாய்க்குக் கிளம்புகிறவனின் அண்ணன் வந்து அதையே வாங்கிப் போவான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெருமைப்பட நிறைய இருக்கிறது, அதில் முதலாவது, நாங்கள் யாருக்கும் செத்த சேனலை விற்றதில்லை.

எங்கள் தெருவில் செட்டைச் சோதிக்கப் பாட்டு வைப்பதில்லை. பாட்டு ஏமாற்றும், முன்னால் இரண்டு ஸ்பீக்கர் அலறினால் பின்னால் ஒன்று ஊமையாகக் கிடப்பது தெரியாது. நாங்கள் மழை வைப்போம். தெருச் சங்கத் தலைவர் லாரன்ஸ், ஊரில் கடைசியாக நல்ல மழை பெய்த வருஷம் மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் மைக்குகளோடு உட்கார்ந்து பிடித்த மழை அது; நடுவே ஒரு தவளை கத்தும், கொஞ்சம் தள்ளி லாரன்ஸ் இருமுவார், இரண்டையும் அழிக்கத் தெரியாமல் அப்படியே எல்லோருக்கும் சிடி போட்டுக் கொடுத்தார். வாங்க வருகிறவரை ஏழு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிறுத்துவோம், கண்ணை மூடச் சொல்வோம், மழையை வைப்போம். ஸ்பீக்கருக்கு ஒரு சேனல், அதில் ஒன்று செத்திருந்தால் அந்த மூலையில் மட்டும் மழை நின்றிருக்கும். அவர் கண்ணைத் திறந்து "சுத்திப் பெய்யுது" என்று சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. மழை கேட்டவருக்குச் செட்டை இல்லை என்று சொல்லக் கூடாது என்பது தெருவின் சட்டம். உயிரோடு இருக்கிற செட்டை உதிரி பாகத்துக்காகப் பிரிக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம், அதை மீறியவன் கடையில் நாங்கள் டீ கூடக் குடிக்க மாட்டோம்.

தெருமுனைக் கடை சைனம்புவுடையது. வயதில் மூத்தவர்களும் இளையவர்களும் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம், அக்காவுக்கு எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அதுதான் பெயர். முதலில் மளிகைக் கடை வைத்திருந்தாள். உளுந்தை எலி தின்கிறது, ஆம்ப்பைத் தின்னாது என்று தொழிலை மாற்றினாள், வயரையும் எலி தின்னும் என்பது அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. வாயால் கெட்டவள் என்று ஊரில் சொல்வார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் ஊர் கெட்டிருக்கும் என்று நான் சொல்கிறேன்.

வானம் மூன்று வருஷமாய் எங்களை மறந்திருந்த ஒரு சித்திரையில், தோஹாவிலிருந்து வந்த காளிமுத்து ஒரு ஏழு சேனல் ஆம்ப்பைத் தோளில் சுமந்துகொண்டு லாத்தாவின் கடைக்கு வந்தான். அறையில் எட்டுப் பேர் மாறி மாறித் தூங்குகிற இடத்தில் இருந்தவன், வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அதைச் சத்தமாக வைத்துக் கேட்டதில்லை. ஊருக்கு வந்தால் கேட்கலாம் என்றிருந்தான், ஊருக்கு வந்தால் வீட்டில் பொண்டாட்டி தண்ணீருக்குக் காசு கேட்டாள். விற்க வந்துவிட்டான். லாத்தா வழக்கம்போல் வயரை மாட்டி மழையை வைத்தாள். சுற்றிலும் மழைச் சத்தம் கேட்டது. பின்னால் இடது மூலையில், ஸ்பீக்கருக்குக் கீழே, நிஜமாகவே மழை பெய்தது.

லாத்தா முதலில் தகரக் கூரையைத் திட்டினாள். பிறகு கூரைக்கு வெளியே வெயில் கொளுத்துவது ஞாபகம் வந்து, நனைகிற அட்டைப் பெட்டிகளைத் தள்ளிவைத்துவிட்டு, "ஏழு சேனலும் வருது, ஒண்ணுல மட்டும் கொஞ்சம் ஒழுகுது" என்று காளிமுத்துவிடம் பேரம் பேசி விலையில் கொஞ்சம் குறைத்தாள். அவனும் ஒழுகுகிற செட்டுக்கு இதற்குமேல் கேட்பது நியாயம் இல்லை என்று வாங்கிக்கொண்டு போனான். எங்கள் ஊர் ஆட்கள் அப்படித்தான், அதிசயத்தையும் அடிமாட்டு விலைக்குத்தான் கொடுப்பார்கள்.

மறுநாள் அந்த மூலையில் லாத்தா தன் வீட்டுக் குடத்தை வைத்தாள். அடுத்த நாள் அண்டை வீட்டுக் குடங்கள் வந்தன. அந்த வாரம் முடிவதற்குள் கிட்டங்கித் தெருவிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் பச்சையும் சிவப்பும் நீலமுமாய்ப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. ஆட்கள் இல்லாவிட்டாலும் குடங்கள் நின்றன, குடத்துக்கு முன்னால் குடம் வைத்ததற்குச் சண்டையும் நடந்தது. சத்தத்தைப் பாதிக்கு வைத்தால் நல்ல மழை, அதற்கு மேல் வைத்தால் இடி விழுந்து பிள்ளைகள் அழுதார்கள், ஆகவே பாதிதான் என்று முடிவானது. சிடியில் லாரன்ஸ் இருமுகிற இடம் வந்தால் குடம் மாற்ற வேண்டும் என்பது தானாகவே வழக்கமாயிற்று. "லாரன்ஸ் இருமிட்டாரு, எடு எடு" என்று பெண்கள் குடத்தை இழுப்பார்கள், எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கிற நிஜ லாரன்ஸ் தெரியாத்தனமாக இருமினால் அதற்கும் ஒருத்தி குடத்தை எடுத்துவிடுவாள். தவளை கத்துகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு தவளை விழுந்தது. ஆடிக்குள் தெருவில் தவளைகள் பெருகிவிட்டன, கொசு இல்லாமல் போனது, அதற்கும் யாரும் நன்றி சொல்லவில்லை.

வேறு சிடிகளையும் போட்டுப் பார்க்காமல் இருப்பார்களா? கோவில் கொடைத் திருவிழா சிடியைப் போட்டுப் பொங்கல் விழுமா என்று பார்த்தவர் ஒருவர், கல்யாண சிடியைப் போட்டு மாப்பிள்ளை கிடைப்பானா என்று பார்த்த தாய் ஒருத்தி. ஒன்றும் விழவில்லை, மழை மட்டும்தான். தண்ணீரைப் பரிசோதிக்க வந்த அதிகாரி வாயில் ஊற்றிப் பார்த்து நல்ல தண்ணீர்தான் என்றார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், இதைக் கடைக் கணக்கில் சேர்ப்பதா விவசாயக் கணக்கில் சேர்ப்பதா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார், பதில் இன்னும் வரவில்லை. பள்ளிவாசலிலும் மாரியம்மன் கோவிலிலும் சர்ச்சிலும் அவரவர் கணக்கில் இதை வரவு வைத்துக்கொண்டார்கள். ஏன் பெய்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பெய்யாதபோது ஏன் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்துப் போயிருந்தது.

எப்போது நிற்கும் என்று கேட்டவர் ஒருவர் இருந்தார், தண்ணீர் லாரி அங்குச்சாமி. எட்டு லாரிகளும் ஒரு ஆழ்துளைக் கிணறும் வைத்திருந்த அவர்தான் அந்த மூன்று வருஷமும் எங்கள் ஊருக்கு வானம். அவர் வைத்த விலைதான் விலை, அவர் லாரி நிற்கிற இடம்தான் குழாயடி, அவர் லாரி ஹாரன் அடித்தால் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறவளும் கையைக் கழுவாமல் ஓடி வர வேண்டும். கரிமூட்டத்தில் வேலை பார்க்கிற முத்துக்கருப்பி ஒரு தடவை சில்லறை குறைந்ததற்கு, நிரப்பின குடத்தைத் திரும்ப லாரியிலேயே ஊற்றச் சொன்னவர் அவர். அவள் ஊற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

ஆவணியில் ஒரு காலை, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் அங்குச்சாமி லாத்தாவின் கடைக்குள் வந்து, வரிசையைக் கண்டுகொள்ளாமல், ஏழு ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். மழை ஓடிக்கொண்டிருந்தது. இடது மூலையில் முத்துக்கருப்பியின் குடத்தில் கொட்டுகிற மழை, நடுவில் நின்ற அவர் மேல் ஒரு சொட்டும் விழவில்லை. அவர் கண்ணைத் திறந்தார்.

"சுத்திப் பெய்யுது" என்றார்.

எங்கள் சட்டத்தை எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"அது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றாள் லாத்தா.

"கடையில வச்சிருக்க, வயரு மாட்டிருக்க, மழையும் வச்சிருக்க. மழ கேட்டவனுக்கு இல்லேன்னு சொல்லக் கூடாதாமே? வெல என்னன்னு மட்டும் சொல்லும்மா" என்று ஒரு துணிப்பையை மேசை மேல் வைத்தார்.

"வாங்கி என்ன செய்வீங்க? கேப்பீங்களா?"

"எனக்கு எதுக்கு இந்தச் சத்தம். வீட்டு அட்டத்துல, பழைய சாமானோட தூக்கிப் போட்ருவேன்" என்றார், ஒளிக்கவே இல்லை.

லாத்தா லாரன்ஸைப் பார்த்தாள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சட்டத்தால்தான் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் எங்களை நம்பி ஆட்கள் வருகிறார்கள். ஒரு ஆளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் நாளைக்கு எல்லோருக்கும் சொல்வார்கள் என்று பேர் கெட்டுவிடும். லாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டே, "சட்டம்னா சட்டம்தான லாத்தா. மழ வச்ச செட்ட இல்லைன்னு சொல்ல முடியாதே" என்றார்.

"செட்டத்தான?" என்றாள் லாத்தா.

"செட்டத்தான்."

அவள் மழையை நிறுத்தினாள், பிளக்கைப் பிடுங்கினாள், மேசை டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள், எடுத்தவள் ஆம்ப்பின் மூடியைக் கழற்றத் தொடங்கினாள். உயிரோடு இருக்கிற செட், ஏழு சேனலும் பேசுகிற செட், ஊருக்கே தண்ணீர் கொடுத்த செட். "லாத்தா, வேணாம் லாத்தா, பாவம் லாத்தா" என்று லாரன்ஸ் கையைப் பிடிக்கப் போனார், அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார். அவள் அழுதுகொண்டே பிரித்தாள், திட்டிக்கொண்டே பிரித்தாள், ஒவ்வொரு சேனல் போர்டாக வெளியே எடுத்து, வாசலில் நின்ற எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒன்றாக வைத்தாள். முன் இடது லாரன்ஸுக்குப் போயிற்று, எனக்குக் கிடைத்தது சென்டர். பின் இடது போர்டை மட்டும் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். காலிக் கூட்டைத் தூக்கி அங்குச்சாமியின் துணிப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தாங்க செட்டு. சும்மாவே எடுத்துட்டுப் போங்க."

அங்குச்சாமி சிரித்தார். "என்னம்மா, எனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு நீயே கொன்னுட்டியே. எனக்கு வேல மிச்சம்" என்று பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எங்களைச் சுட்டது.

அன்று மத்தியானமே நாங்கள் அவரவர் போர்டை அவரவர் கடையில் கிடந்த ஒரு பழைய ஆம்ப்பில் பொருத்தி மழையை வைத்துப் பார்த்தோம். சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. லாத்தாவின் கடை மூலையிலும் வரவில்லை. வரிசையில் நின்ற குடங்களைப் பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள், யாரும் லாத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக நின்றது முத்துக்கருப்பி.

"நான் தப்புப் பண்ணிட்டேனா கருப்பி?"

"வராட்டிப் போகுது லாத்தா. அவன் கொடுத்து நம்ம குடிச்சது போதும்னு ஒருத்தியாச்சும் சொன்னாளே" என்றாள் முத்துக்கருப்பி, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. "எனக்குத் தாகமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அங்குச்சாமி விலையை ஏற்றினார். கிட்டங்கித் தெருவுக்கு லாரியை அனுப்புவதையே நிறுத்தினார். மனுக் கொடுத்தோம், மனுவுக்கு மேல் மனுக் கொடுத்தோம், குழாயில் தண்ணீர் விடக் கேட்டோம், காற்று வந்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதற்கு அடுத்த படி என்ன என்பது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலிக் குடங்களோடு போய் மெயின் ரோட்டில் உட்காருவது. நாள் குறித்தோம். போலீஸில் மைக் செட் வைக்க அனுமதி கேட்டால் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"மைக்குக்குத்தான அனுமதி இல்ல?" என்றாள் லாத்தா. "நம்ம பேசவே வேணாம். பேசிப் பேசி என்னத்தக் கண்டோம்? நம்ம கேக்குறது என்னன்னு அவங்களுக்குக் கேக்கட்டும். மழைய வைப்போம். மழைக்கு எவன்ட்ட அனுமதி வாங்கணும்?"

செட்டைப் பிரித்தவளாக இருந்தாலும் லாத்தா சொன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கடைக்கு ஒரு ஆம்ப், அதற்குள் அன்று பிரித்த போர்டு, ஒரு ஸ்பீக்கர், பந்தல்காரரின் ஜெனரேட்டர், எல்லாவற்றையும் மினி வண்டியில் ஏற்றிக் காலையிலேயே மெயின் ரோட்டில் இறக்கினோம். நடுரோட்டில் பெண்கள் குடங்களை முன்னால் வைத்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கரை எப்படி வைப்பது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வேறு மாதிரி வைக்க எங்களுக்கு வராது, தொழில் புத்தி அப்படி. முன்னால் இரண்டு, நடுவில் என் சென்டர், பக்கத்துக்கு ஒன்று, பின்னால் இரண்டு, எல்லாம் அவர்கள் பக்கமாய்த் திரும்பி, ஒரு பெரிய கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வைப்பதைப் போலவே வைத்தோம். பின் இடது பக்கம் லாத்தா தன் ஆம்ப்போடு தார் ரோட்டில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. பஸ்களுக்கு முன்னால், ஊருக்குள் போக வந்த அங்குச்சாமியின் லாரிகள் நின்றன, முதல் லாரியில் அவரே உட்கார்ந்திருந்தார்.

மற்ற ஆறு பேரும் லாரன்ஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையைக் கீழே விட்டதும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் மழையை வைத்தோம்.

முதலில் சத்தம்தான் வந்தது. தார் கொதிக்கிற வெயிலில், தலைக்கு மேல் ஒரு மேகம் இல்லாமல், அந்தப் பழைய மழை பெண்களைச் சுற்றிச் சுற்றிப் பெய்தது. அவர்கள் எங்கள் வழக்கத்தை எங்கேயோ பார்த்துப் பழகியவர்கள்போல் ஒவ்வொருத்தியாய்க் கண்ணை மூடிக்கொண்டார்கள், பஸ்ஸில் சத்தம் போட்டவர்கள் நிறுத்தினார்கள், ஹாரன் அடித்தவர்கள் கையை எடுத்தார்கள். முத்துக்கருப்பி கண்ணை மூடியபடியே, யாரும் விற்காமல் யாரும் வாங்காமல், "சுத்திப் பெய்யுது" என்று உரக்கச் சொன்னாள்.

அவள் சொன்ன பிறகு பெய்தது. மூலையில் இல்லை, ஒழுகலாய் இல்லை, ஏழு ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் தலையிலும் நேராக இறங்கியது. கரிமூட்டக் கரி முகத்திலிருந்து வழிந்து அவரவர் நிறம் வெளியே வந்தது. குடங்கள் டொக் டொக்கென்று பேசி, பிறகு சத்தம் அடங்கி நிரம்பின. லாத்தா அழுதாளா சிரித்தாளா என்று கேட்காதீர்கள், அவளும் நனைந்துகொண்டிருந்தாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன். மழை பெருகி ஸ்பீக்கர்களைத் தாண்டி, நின்றிருந்த பஸ்கள் மேலும் லாரிகள் மேலும் பரவியது, ஜெனரேட்டர் மட்டும் நனையவில்லை.

அங்குச்சாமி லாரியிலிருந்து குதித்தார். யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை, அதுதான் அவருடைய தொழில் புத்தி. "டேய், மூடியத் தொறங்கடா! எல்லா வண்டியிலயும் மேல் மூடியத் தொறங்கடா!" என்று கத்தினார். முதல் லாரி டிரைவர் ஏணியில் ஏறி டேங்க் மூடியைத் திறந்துவிட்டு இறங்கினான். எங்கள் மழை அவர் டேங்குக்குள் விழத் தொடங்கியது.

முத்துக்கருப்பி எழுந்தாள். நனைந்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் நிறைந்த குடத்தை லாத்தாவின் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, நடந்து போய் அந்த லாரியின் ஏணியில் ஏறினாள். மேலே போய் மூடியைக் காலால் தள்ளி மூடினாள். மூடி மேல் உட்கார்ந்தாள். ஏணி இருந்த எல்லா லாரியிலும் ஒருத்தி ஏறுவதை அப்போதுதான் பார்த்தோம்.

"இறங்கு! யாரு வண்டின்னு தெரியுமா? இறங்குடி கீழ!" என்று கத்தினார் அங்குச்சாமி.

"தெரியும்" என்றாள் முத்துக்கருப்பி, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல். "தண்ணி வேணும்னா தரமாட்டோம்னு யாரும் சொல்லல. குடத்த எடுத்துக்கிட்டு வந்து வரிசையில நில்லுங்க."

அவர் எங்களைப் பார்த்தார். இந்தத் தடவை நாங்கள் யாரும் தலையைக் குனியவில்லை, லாரன்ஸ்கூடக் குனியவில்லை. வரிசையின் கடைசி எங்கே என்று நான்தான் கையைக் காட்டினேன். மடிப்புக் கலைந்து உடம்போடு ஒட்டிய வெள்ளைச் சட்டையோடு அவர் கொட்டுகிற மழையில் நின்று, லாரிகளைத் திரும்பிப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்தார். எட்டு லாரி வைத்திருந்த மனிதரிடம் ஒரு குடம் இல்லை.